ரயில் ஓர நடைபாதை: நிலம் யாருடையது, உரிமை எதுவரை?

சேலம் டவுன் நிலையத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி வழியாக ஆத்தூரை நோக்கிச் செல்லும் விருத்தாசலம் ரயில் பாதையை ஒட்டி, மக்கள் காலையிலும் மாலையிலும் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஒரு நடைபாதை அமைக்கலாம் என்று ஒரு திட்டம் முன்வைக்கப்படுவதாக எண்ணிக்கொள்வோம். அப்படி ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது என்பது இதன் பொருளன்று. நிலத்தோடு பிணைந்த கேள்விகளைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு வேண்டியிருப்பதால், சேலத்தார் பலரும் அறிந்த ஒரு பாதையை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இத்தகைய திட்டத்தைக் கேள்விப்பட்டதும் நகரத்தில் வசிப்பவர் மகிழ்கிறார். வாகன நெரிசலுக்கு நடுவே நடப்பதற்கு ஓர் இடம் கிடைக்கும் என்று நினைக்கிறார். லைனை ஒட்டி மரவள்ளியோ பாக்கோ பயிரிட்டிருப்பவர், தம் வரப்பு எவ்வளவு உள்ளே தள்ளப்படும் என்று கவலைப்படுகிறார். தண்டவாளத்துக்கு அருகே குடிசை போட்டு வாழும் குடும்பத்துக்கோ, அளவு நாடாவுடன் யார் வந்தாலும் அச்சம் எழுகிறது. இம்மூவரும் பேசுவது ஒரே பாதையைப் பற்றித்தான் என்றாலும், மூவரின் சட்ட நிலையும் ஒன்றல்ல. ஆகவே, திட்டம் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்வதற்கு முன்பே, அந்தப் பாதையின் ஒவ்வொரு அடியும் யாருடைய நிலத்தில், எந்த உரிமையின் பேரில் போகிறது என்று கேட்டாக வேண்டும். இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நடக்கும் ஆதரவுப் பேச்சும் எதிர்ப்புப் பேச்சும் யாருக்கும் பயன்படுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ரயில் ஓரம் என்பது ஒரே நிலமன்று

தண்டவாளத்தின் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கருவேலமும் புல்லும் மண்டிய ஒரே வெளியாகத் தெரியும் இடம், வருவாய்த்துறை ஆவணங்களில் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிந்து கிடக்கிறது. முதலாவது, ரயில்வேக்குச் சொந்தமான நிலம். தண்டவாளம், அதன் கரை, வடிகால், எதிர்காலத் தேவைக்கென ஒதுக்கிய பகுதி எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, இட்டேரி என்று பெயர் பெற்ற புறம்போக்கு நிலங்கள். இவை மாநில அரசின் அல்லது உள்ளாட்சியின் பொறுப்பில் உள்ளவை. மூன்றாவது, தனியாரின் பட்டா நிலம். நடைபாதை ஒரு கிலோமீட்டர் தூரம் போவதற்குள் இம்மூன்றையும் பலமுறை மாறி மாறிக் கடக்கக்கூடும்; அப்படிக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அனுமதி தர வேண்டியவரும், பொருந்தும் சட்டமும் மாறிவிடுகின்றன.

எந்த இடம் எந்த வகை என்று அறிவதற்குக் கண்பார்வையோ ஊர் வழக்கமோ போதாது. கிராமத்தின் அ பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகைப்பாடு குறிக்கப்பட்டிருக்கும். புலப்படத்தில் அந்தப் புல எண்ணின் எல்லை, உட்பிரிவு, பக்க அளவுகள், சர்வே கற்களின் இருப்பிடம் ஆகியவை காட்டப்பட்டிருக்கும். பட்டாவும் புலப்படமும் இன்று தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கின்றன. ரயில்வே தன் பங்குக்குத் தனி நில வரைபடங்களை வைத்திருக்கிறது. களத்தில் எல்லைக்கற்களையும் நட்டிருக்கிறது. வருவாய்த்துறையின் புலப்படமும் ரயில்வேயின் வரைபடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடத்தில்தான் தகராறு பிறக்கிறது. அத்தகைய இடத்தில் இரு தரப்பு அளவர்களும் நில உடைமையாளரும் சேர்ந்து நின்று செய்யும் கூட்டு அளவீடு இன்றி எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

பட்டா பற்றியும் ஒரு சொல் இங்கே அவசியமாகிறது. பட்டா கையில் இருந்தால் நிலம் தமதே என்று பலர் நினைக்கிறார்கள். பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவு. அது அனுபவத்துக்கும் வரி செலுத்துதலுக்கும் நல்ல சான்றாகும், ஆனால் அது மட்டுமே உரிமையை உருவாக்குவதில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியுள்ளன. பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் தொடர்ச்சியே உரிமையை நிறுவும். லைனை ஒட்டிய நிலத்துக்காரர், தம் பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் ரயில்வே நிலம் எந்தத் திசையில், என்ன சொற்களில் குறிக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் படித்துப் பார்க்க வேண்டும்.

ரயில்வேயின் நிலம் எப்படி வந்தது

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூரை நோக்கிய பாதையை மெட்ராஸ் ரயில்வே நிறுவனம் 1860களின் தொடக்கத்தில் அமைத்து முடித்தது. அந்நாளில் இத்தகைய நிறுவனங்களுக்கு 5 விழுக்காடு வட்டிக்கு அரசு உத்தரவாதம் அளித்ததோடு, நிலத்தையும் விலையின்றி 99 ஆண்டுகளுக்கு வழங்கியது. அதாவது, அரசு நிலத்தைக் கையகப்படுத்தி நிறுவனத்திடம் கொடுத்தது. பின்னர் நிறுவனங்கள் அரசின் கைக்கு வந்தபோது நிலமும் முழுமையாக அரசிடமே நிலைத்தது. அதன் பிறகு பாதைகளுக்காக நிலம் எடுக்கப் பயன்பட்ட 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமும், எடுக்கப்பட்ட நிலம் எவ்வகை வில்லங்கமும் இன்றி அரசைச் சேரும் என்றே கூறியது. எனவே, பழைய சட்டத்தின்படி இழப்பீடு கொடுத்து எடுக்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி இன்று வெறுமையாகக் கிடக்கிறது என்பதாலேயே, அது அன்றைய உடைமையாளரின் பேரப்பிள்ளைகளுக்குத் தானாகத் திரும்பிவிடாது. 2013ஆம் ஆண்டின் புதிய நில எடுப்புச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஐந்தாண்டுகள் பயன்படுத்தப்படாத நிலத்தை உரியவரிடமோ அரசின் நில வங்கியிடமோ திருப்பித் தர வகை செய்கிறது; ஆனால் நூறாண்டுக்கு முன் எடுத்த ரயில்வே நிலத்துக்கு அதைப் பொருத்திப் பேசுவது சரியன்று.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பல இடங்களில் ரயில் நிறுவனங்களிடம் இருந்தது நிலத்தின் முழு உடைமையன்று. ரயில் ஓட்டுவதற்கான வழியுரிமை மட்டுமே. ரயில் நின்றுவிட்டால் அந்த வழியுரிமை முடிந்து, நிலம் அடுத்துள்ள உடைமையாளருக்குத் திரும்ப வேண்டும். பயன்பாடற்ற பாதைகளை எதிர்கால ரயிலுக்காகக் காத்து வைத்து இடைக்காலத்தில் நடைபாதையாக்கலாம் என்று 1983இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டபோது, எங்கள் நிலம் எங்களிடம் வரவேண்டிய நேரத்தில் தடுக்கப்பட்டுவிட்டது என்று உடைமையாளர்கள் வழக்காடினார்கள். வெர்மான்ட் மாநிலத்து வழக்கு ஒன்றில் 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றும், பாதிக்கப்பட்டவர் அரசிடம் இழப்பீடு கோரலாம் என்றும் கூறியது. வயோமிங் மாநில வழக்கு ஒன்றில் 2014இல் அதே நீதிமன்றம், 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரயில் நிறுவனம் பெற்றது வழியுரிமை மட்டுமே என்றும், பாதை கைவிடப்பட்டதும் அது முடிந்துவிட்டது என்றும் தீர்த்தது.

இந்த வழக்குகளைப் படித்துவிட்டு, நம் ஊரிலும் ரயில்வே நிலம் தங்களுக்குத் திரும்பி வரும் என்று சிலர் நம்பிவிடக்கூடும். நம்மிடம் ரயில்வே பெரும்பாலும் முழு உடைமையாளர் என்பதால் அந்த வாதம் இங்கே எளிதில் நிற்காது. நம்மூர்ப் பிரச்சினையின் மையம் வேறிடத்தில் இருக்கிறது: ரயில்வேயின் நிலத்தில் பொதுமக்கள் நடக்கும் உரிமை எப்படிப் பிறக்கும், அது எவ்வளவு உறுதியானது என்பதே அது.

நடக்க அனுமதி வேறு, நடக்கும் உரிமை வேறு

அரசு நிலம் என்பதாலேயே ரயில்வே நிலம் பொதுமக்கள் விருப்பம்போல் நுழையக்கூடிய இடமாகிவிடாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு, ரயில்வேயின் எந்தப் பகுதியிலும் சட்டப்படியான அதிகாரமின்றி நுழைவதைக் குற்றமாக்குகிறது; ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அது இடமளிக்கிறது. ஆண்டுக்கணக்காக லைன் ஓரமாக நடந்து பள்ளிக்கும் சந்தைக்கும் போகிறோம் என்ற வழக்கம் இந்தப் பிரிவிலிருந்து யாரையும் தானாகக் காப்பாற்றாது.

ஆகவே, நடைபாதை ரயில்வே நிலத்தில் வர வேண்டுமானால், மாநகராட்சியோ ஊராட்சியோ ரயில்வேயிடமிருந்து எழுத்து வடிவில் இசைவு பெற வேண்டும். அந்த இசைவு குத்தகையா, வெறும் உரிமமா என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, உரிமம் என்பது ஒருவர் தம் நிலத்தில் இன்னதைச் செய்துகொள்ளலாம் என்று மற்றவருக்குத் தரும் அனுமதியே. அது நிலத்தில் எந்தப் பங்கையும் உருவாக்குவதில்லை, பொதுவாக அதைத் திரும்பப் பெறவும் முடியும். சேலம்–விருத்தாசலம் பாதை ஒற்றைப் பாதை. நாளை அதை இரட்டைப் பாதையாக்க ரயில்வே முடிவு செய்தால், உரிமத்தின் பேரில் போட்ட நடைபாதை முதலில் எடுக்கப்படும். பொதுப்பணத்தில் கல் பதித்து, விளக்கு நட்டு, மரம் வளர்த்த பிறகு அந்த நாள் வந்தால் இழப்பு மக்களுக்குத்தான். எனவே எத்தனை ஆண்டுகளுக்கு இசைவு, திரும்பப் பெற எவ்வளவு கால அறிவிப்பு, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு தரும் இழப்பீடு பயணிகளுக்கானது. ஓரத்தில் நடந்து போகிறவர் அதைக் கோர முடியாது. மின்மயமான பாதையில் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. வேலியின்றி அந்த இடத்தில் குழந்தைகளை விடுவது பொறுப்பான செயலன்று.

வேலி வந்தால் வழி என்னாகும்

இனி, என் பார்வையில் மிகக் கவனமாகப் பேச வேண்டிய பகுதிக்கு வருகிறேன். நடைபாதை என்றால் வேலி வரும். இதுவரை வேலியில்லாமல் இருந்த இடத்தில் இரும்பு வலையோ மதிலோ எழும்போது, நிலத்தின் ஓர் அடிகூடப் பறிபோகாத விவசாயிக்கும் பெரிய இழப்பு நேரலாம். ஏனெனில் அவர் இழப்பது வழியை.

சேலம், நாமக்கல் பகுதிகளின் பழைய பத்திரங்களைப் படித்தால், நில விவரத்தின் முடிவில் மாமூல் தடத்தில் ஆட்களும் கால்நடைகளும் வண்டியும் போகவர வழிநடை பாத்தியம் என்ற வாசகம் அடிக்கடி கண்ணில்படும். கிணற்றுத் தண்ணீர் எடுத்துச் செல்லும் வாய்க்கால் பாத்தியமும் அதோடு சேர்ந்து வரும். கிளுவை வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரிகள் இப்படிப்பட்ட பாத்தியங்களின் மேல்தான் நிலைத்திருக்கின்றன. இவற்றைச் சட்டம் வசதியுரிமை என்று அழைக்கிறது: ஒரு நிலத்தை முழுமையாக அனுபவிப்பதற்காக, அதன் உடைமையாளர் அடுத்தவர் நிலத்தின் மீது கொண்டிருக்கும் உரிமை. பத்திரத்தில் எழுதித் தரப்படுவது ஒரு வகை. நிலம் பாகம் பிரிந்தபோது ஒரு பாகத்துக்கு வேறு வழியே இல்லாமல் போவதால் பிறக்கும் தேவை உரிமை இன்னொரு வகை. வசதியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மூன்றாவது, நீண்ட கால அனுபவத்தால் வருவது. 15ஆம் பிரிவுப்படி, ஒரு வழியை வெளிப்படையாகவும் தகராறின்றியும் உரிமையோடும் இடைவிடாமல் 20 ஆண்டுகள் பயன்படுத்தியிருந்தால் அது வசதியுரிமையாகிறது. அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள் வேண்டும்.

இதில் உரிமையோடு என்ற நிபந்தனை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஒருவரிடம் கேட்டு, அவர் அனுமதித்ததன் பேரில் நடந்தால், அது எத்தனை ஆண்டுகள் நீடித்தாலும் உரிமையாக முதிராது. இது இரு பக்கமும் பாயும் விதி. ரயில்வே அதிகாரி ஒருவர் வாய்மொழியாக விட்ட வழியில் நடந்து வந்தவர், அதை வசதியுரிமை என்று நிறுவுவது கடினம். அதே நேரத்தில், தம் பட்டா நிலத்தின் ஓரமாக நடைபாதைக்குச் சிறிது இடம் விட நினைக்கும் நல்ல மனம் படைத்த விவசாயி, அதை அனுமதி என்று எழுத்தில் பதிவு செய்துவிட்டால், பிற்காலத்தில் ஊரார் அதை உரிமையாகக் கோருவதைத் தடுத்துக்கொள்ள முடியும். எழுதாமல் விட்டுவிட்டால், அவருடைய பிள்ளைகள் காலத்தில் அந்த ஓரம் பொதுவழியாகிவிடும் வாய்ப்பு உண்டு. பெருந்தன்மையோடு கொடுப்பவரே நாளை தவிக்கக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

லைனின் இரு பக்கமும் நிலம் உள்ளவருக்கு ரயில்வே சட்டத்திலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 16ஆம் பிரிவின்படி, ரயில் பாதையால் நிலத்தின் பயன்பாட்டுக்கு ஏற்படும் தடையைச் சரிசெய்ய, மாநில அரசு தேவையென்று கருதும் லெவல் கிராசிங் போன்ற கடவைகள், பாலங்கள், சிறு பாலங்கள், வழிகள் ஆகியவற்றை ரயில்வே அமைத்துப் பேண வேண்டும். தண்ணீர் முன்போலவே ஓடுவதற்கான மதகுகளும் வடிகால்களும் இதில் அடங்கும். ஏற்கெனவே அவற்றுக்குப் பதிலாக இழப்பீடு வாங்கிக்கொண்டவருக்கு இது பொருந்தாது. இருப்பது போதவில்லை என்று கருதுபவர், தம் செலவில் கூடுதல் வசதி கேட்பதற்கு 17ஆம் பிரிவு இடம் தருகிறது. நடைபாதையின் வேலி இந்தக் கடவைகளை அடைத்துவிடக் கூடாது. அதன் தரைமட்டம் உயர்த்தப்படும்போது மதகுகள் மூடப்படக் கூடாது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் மழைநீர், கரையைக் கடக்க வழியில்லாமல் ஒரு பக்கத்திலேயே தேங்கினால், அந்தப் பக்கத்து வயல் ஒரே மழையில் அழுகிப்போகும். கடவைகளுக்குப் பதிலாகக் கட்டப்பட்ட சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பட்டா நிலம் தேவைப்பட்டால்

ரயில்வே நிலம் குறுகலாக இருக்கும் இடங்களில் நடைபாதைக்குத் தனியார் நிலம் வேண்டியிருக்கலாம். சொத்துரிமை இன்று அடிப்படை உரிமையன்று. 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதை 300ஏ பிரிவுக்கு மாற்றியது. ஆயினும் சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்க முடியாது என்ற காப்பு அப்பிரிவிலேயே உறுதியாக நிற்கிறது. ரயில்வே சட்டத்தின் 20ஏ முதலான பிரிவுகள் சிறப்பு ரயில்வே திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கானவை. பொழுதுபோக்கு நடைபாதையை அதற்குள் அடக்குவது எளிதன்று. பேசி விலைக்கு வாங்குவது ஒரு வழி. இல்லையேல் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வர வேண்டும். அச்சட்டத்தின் பொதுநோக்கப் பட்டியலில் விளையாட்டும் சுற்றுலாவும் இடம்பெற்றிருப்பதால், நடைபாதைக்காக நிலமே எடுக்க முடியாது என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆனால் அதே சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கேட்கிறது. முதல்நிலை அறிவிக்கை வெளிவந்த 60 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையைத் தருகிறது. நிர்ணயித்த இழப்பீட்டுத் தொகையின் மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகையையும் சேர்க்கிறது. அந்த 60 நாட்களைத் தவறவிடுவது பெரும் பிழையாகிவிடும்.

சேலத்தில் இந்தப் பேச்சு எழும்போது சென்னை–சேலம் எட்டு வழிச்சாலையின் நினைவும் எழுவது இயல்பே. அத்திட்டத்துக்கான நில எடுப்பு அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8 அன்று அத்தீர்ப்பை மாற்றி, அறிவிக்கைகள் செல்லும் என்றது. தென்னையையும் கிணற்றையும் அளந்து கல் நட்ட நாட்களின் கசப்பு இன்னும் பலரிடம் இருக்கிறது. நடைபாதை அதைவிட மிகச் சிறிய வேலைதான். ஆனால் நிலத்துக்காரரிடம் முதலில் பேசாமல் கல் நட வருபவர்கள், அந்தக் கசப்பைத்தான் முதலில் சந்திக்க நேரும்.

வரைபடத்தில் கோடு போட்டுவிட்டு வருடக்கணக்காகச் சும்மா இருப்பதும் ஒரு துன்பமே. அந்த நிலத்தை எளிதில் விற்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, விரிவு வளர்ச்சித் திட்டத்தில் பொதுத்தேவைக்கென ஒதுக்கிய நிலம் மூன்றாண்டுகளுக்குள் எடுக்கப்படாவிட்டால் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும் என்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. இது தவிர, ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டடம் கட்ட ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும் என்ற விதி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. அதை நடைபாதையால் வந்த புதிய கட்டுப்பாடு என்று குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியாக மலையடிவாரத்தில் செல்லும் பிரதானப் பாதையின் ஓரம் என்றால் காடும் கணக்கில் வரும். காப்புக்காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். மலையாளி பழங்குடியினர் அங்கே விறகும் புளியும் சேகரிக்கிறார்கள் என்றால், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அவர்களுடைய உரிமைகள் ஏற்கப்பட்டு, சரிபார்ப்பு முடியும் வரை அவர்களை வெளியேற்ற முடியாது.

பட்டாவே இல்லாதவர்கள்

சொத்துரிமை என்று பேசும்போது, சொத்தே இல்லாதவர்களைக் கட்டுரையின் ஓரத்தில் நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. ரயில் ஓரத்தில் அழகுபடுத்தும் வேலை எது வந்தாலும் முதலில் பாதிக்கப்படுவோர் அவர்களே. ரயில்வே நிலத்தில் குடியிருப்போரை வெளியேற்றப் பொதுவாகப் பயன்படுவது 1971ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் சட்டம். அதன்படி சொத்து அலுவலர் காரணம் கேட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பதிலைக் கேட்ட பின்பே உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவை எதிர்த்து 12 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம். 12 நாட்கள் என்பது கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு மிகக் குறுகிய காலம். மும்பையின் சாலையோர நடைபாதைகளில் குடியிருந்தோர் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று கூறியது. ஆனால் கட்டடங்களை இடிப்பதற்கு 15 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கிய 2024 நவம்பர் தீர்ப்பில், சாலை, நடைபாதை, ரயில் பாதையை ஒட்டிய இடம் ஆகியவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு அது பொருந்தாது என்று அதே நீதிமன்றம் விலக்கும் வைத்தது. ஆகவே, ரயில் ஓரக் குடும்பங்களுக்கு இருக்கும் காப்பு மிக மெல்லியது. அவர்களுக்கு மாற்று வீடு எங்கே, குழந்தைகளின் பள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்ற விடை எழுத்தில் வராமல் நடைபாதைக்கு அடிக்கல் நாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தள்ளுவண்டி வியாபாரிகளும் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. நடப்பவர்கள் வரும் இடத்தில் இளநீரும் சுண்டலும் விற்கப்படும், அது இயல்பு. ஆனால் 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்குப் பொருந்தாது என்று அச்சட்டத்தின் முதல் பிரிவே சொல்லிவிடுகிறது. சில அடி தள்ளி மாநகராட்சி நிலத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, ரயில்வே நிலத்தில் நிற்பவருக்குக் கிடைக்காது. விற்பனை இடங்களை எங்கே குறிப்பது என்று திட்டமிடுவோர் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்றாடக் கவலைகள்

வீட்டின் கொல்லைப்புறம் பாதையைப் பார்த்தபடி இருப்பவருக்கு அந்தரங்கம் பற்றிய கவலை. தோட்டக்காரருக்கு மாங்காயும் மோட்டார் வயரும் திருட்டுப் போகும் என்ற கவலை. இவை நியாயமானவையே, வேலியின் உயரம், விளக்கு, மூடும் நேரம் ஆகியவற்றால் பெருமளவு தீர்க்கக்கூடியவையும்கூட. கிணறு அப்படியன்று. பாதையிலிருந்து சில அடிகளில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால், அதன் ஆபத்தை அறிந்திருந்தும் விட்டுவிட்ட உடைமையாளர் மீது கேள்வி எழலாம். அந்தச் சுவரைத் திட்டச் செலவிலேயே கட்டித் தருமாறு அவர் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. பூச்சிமருந்து தெளிக்கும் நாட்களில் பாதையின் அந்தப் பகுதியை மூடி வைக்கும் ஏற்பாடும் வேண்டும். தலைமுறைகளாக நடந்துவரும் விவசாயம், புதிதாக வந்த நடைப்பயிற்சிக்காக நிறுத்தப்படக் கூடாது.

யாரிடம், எப்படிக் கேட்பது

சேலம் ரயில்வே கோட்டம் 2007 நவம்பர் முதல் இங்கேயே இயங்குவதால், ரயில்வேயின் பதிலுக்காகச் சென்னைக்கோ பாலக்காட்டுக்கோ போக வேண்டியதில்லை. கோட்ட அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, குறிப்பிட்ட புல எண்களை ஒட்டிய ரயில்வே நில எல்லையின் வரைபட நகலையும், நடைபாதைக்கு வழங்கப்பட்ட அல்லது பரிசீலனையில் உள்ள இசைவின் நிபந்தனைகளையும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வருவாய்த்துறைப் பக்கம் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் கூட்டு அளவீடு கேட்டு மனு கொடுக்க வேண்டும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் அதையே அளிக்கலாம். ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாகவே நிறைவேற்றுவது கூடுதல் வலுச் சேர்க்கும்.

மனுவில் பொதுவாக எதிர்க்கிறோம் என்றோ வரவேற்கிறோம் என்றோ எழுதுவதால் அலுவலர் செய்யக்கூடியது எதுவுமில்லை. இன்ன புல எண்ணில், இன்ன ஆண்டுப் பத்திரப்படி, இந்தத் திசையில் எனக்கு வழிநடை பாத்தியம் உள்ளது. இந்த மதகு வழியே தண்ணீர் போகிறது. இந்தக் கடவையை வேலி அடைக்கக் கூடாது என்று இடம் சுட்டி எழுத வேண்டும். புலப்படத்தின் நகலில் அந்த இடங்களைச் சிவப்பு மையால் குறித்து இணைத்து, அலுவலக முத்திரையிட்ட ஒப்புகையைப் பெற்று, பத்திர நகல்களுடன் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அளவர் வரும் நாளில் அந்தக் கோப்போடு நிலத்தில் நேரில் நிற்க வேண்டும்.